கயிறு, வைக்கோல், தாம்பாளம்: நரம்பிழை வழி தேடுவதைப் பள்ளி மைதானத்தில் நடத்திக் காட்டும் முறை

1998 பொங்கலுக்கு முந்தின நாள், குழம்புக்குப் பரங்கிக்காய் அரிந்துகொண்டிருந்தேன். கை வழுக்கி, அருவாமனை வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு அறுந்துபோயிற்று. வேலூரிலேயே அறுவை செய்து தைத்தார்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை டாக்டர் என் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் சுரீர் என்று மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். வளர்ந்துவரும் இழைகளின் நுனி இப்போது அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை வைத்து அளப்பேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், மாதத்துக்கு ஓர் அங்குலம். ஆடிப்பெருக்கு கழிந்த பிறகுதான் விரல் நுனியில் உணர்ச்சி தட்டியது.

வந்த உணர்ச்சி இடம் மாறி வந்தது. ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்ட மாதிரி இருந்தது. சாக்பீஸைக் கண்ணால் பார்த்துப் பிடித்தால்தான் பிடித்ததாக நம்பிக்கை வரும். பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது இதை மறைக்காமல் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், இப்ப நரம்பு தப்பான வெரலுக்குப் போயிடுச்சின்றீங்க. அப்பன்னா அம்மா வயித்துல இருக்கசொல்ல மட்டும் அது எப்டி டீச்சர் சரியான வெரலுக்குப் போச்சு?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. படித்துத் தெரிந்துகொள்ளச் சில வருஷம் ஆயிற்று. அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கும் வழி பிடிபட இன்னும் சில வருஷம். பாடப்புத்தகத்தில் சைட்டான் (செல் உடல்), டென்ட்ரைட் (குட்டைக் கிளைகள்), ஆக்சான் (நீண்ட இழை) என்று முழுசாக வளர்ந்த நரம்புச் செல்லின் படம்தான் இருக்கும். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்ற கதை இருக்காது. அந்தக் கதையை மைதானத்தில் நடத்திக் காட்டும் முறையை இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு ஆண்டும் செய்தேன், ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒன்றை மாற்றினேன். அறிவியல் ஆசிரியர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டு பீரியட் வேண்டும்.

முதலில் நீங்கள் மனதில் வைக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். ஒவ்வொன்றும் பல செல்களோடு இணைகிறது. நம்மிடம் இருக்கும் மரபணுக்களோ சுமார் 20,000. இழை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலாசம் எழுதிக் கொடுக்க இது போதவே போதாது. ஆகவே இழையின் கையில் வரைபடம் கிடையாது. அடுத்த அடி வைக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் அது படிக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கும் மைதானத்தின் வரைபடத்தைக் காட்டாதீர்கள். முதல் வருஷம் நான் கரும்பலகையில் எல்லாம் வரைந்து விளக்கிவிட்டு மைதானத்துக்கு இட்டுக்கொண்டு போனேன். கண்ணைக் கட்டியும்கூட அத்தனை பேரும் நேராகப் போய் முடிவில் நின்றார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளக்கம் எல்லாம் ஆட்டத்துக்குப் பிறகுதான்.

தேவையானவை: 30 மீட்டர் தேங்காய்நார்க் கயிறு இரண்டு சுருள். வைக்கோல் நான்கு கட்டு. அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். மணல் ஆறேழு கூடை. இதற்காகப் பாலாற்றில் போய் அள்ளவேண்டாம், பள்ளியிலோ பக்கத்திலோ கட்டட வேலை நடந்து மிச்சம் கிடந்தால் போதும். சணல் சாக்கு நான்கு. வெண்கலத் தாம்பாளம் ஒன்று, எவர்சில்வர் தட்டு ஒன்று, அடிக்க மரக்கரண்டி இரண்டு. பி.டி. டீச்சரிடம் விசில். கண்ணாடி வளையல் வேண்டாம், உடைந்தால் கையைக் கிழிக்கும். பிளாஸ்டிக் வளையல் ஏழு டஜன் வாங்குங்கள். கண் கட்டுவதற்குப் பிள்ளைகளின் துப்பட்டாவே போதும்.

வெறுங்காலோடு நடக்கவேண்டிய ஆட்டம் இது. முந்தின நாள் மாலையே மைதானத்தைப் பெருக்கவையுங்கள். சீமைக்கருவேல முள் ஒன்று கிடந்தாலும் அன்றைய பாடம் அதோடு முடிந்தது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். பங்குனி, சித்திரையில் வைக்காதீர்கள். மார்கழி, தை சரியான காலம். அப்போதும் காலை எட்டரைக்குள் ஆரம்பித்துவிடுங்கள். வெயில் ஏறிவிட்டால் தரைச் சூட்டில் மணல் எது, வைக்கோல் எது என்று காலுக்கு வித்தியாசம் தெரியாது.

நுனியைக் கட்டுவது

ஆறு பேரைக் கூப்பிடுங்கள். ஐந்து பேர் தோளோடு தோள் உரச அரைவட்டமாக நிற்கட்டும். ஐந்து பேருக்கும் கண்ணைக் கட்டிவிடுங்கள். ஆறாவது பெண் அவர்களுக்குப் பின்னால் கயிற்றுச் சுருளோடு நிற்பாள். கயிற்றின் மறுமுனையை வேப்பமரத்தில் கட்டுங்கள். மரம்தான் செல் உடல், கயிறு ஆக்சான், அந்த ஐந்து பேர் வளர்முனை, அதாவது இழையின் வளரும் நுனி. ஐவரும் ஒரு காலை மட்டும் முன்னே நீட்டித் தரையைத் தடவிப் பார்க்கவேண்டும். கால் வைத்த இடம் இதமாக இருந்தால் அங்கேயே ஊன்றவேண்டும், குத்தினால் இழுத்துக்கொள்ளவேண்டும். ஊன்றியவர்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் மொத்தக் கூட்டமும் ஓர் அடி நகரும். அப்போது பின்னால் இருப்பவள் அந்த ஓர் அடி அளவுக்குக் கயிற்றை விடுவாள். விதி இவ்வளவுதான்.

உண்மையான வளர்முனையும் இப்படித்தான் வேலை செய்கிறது. மயிரினும் மெல்லிய விரல்களை எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டே இருக்கும். விரலுக்குள் ஆக்டின் என்ற புரத இழை ஒரு பக்கம் கட்டப்பட்டு மறுபக்கம் கலைந்துகொண்டே இருக்கிறது. ஒட்டப் பிடிப்பான இடம் கிடைத்த விரல் நிற்கும், கிடைக்காத விரல் சுருங்கிப்போகும். நின்ற விரலின் பக்கமாக, இழைக்குள் இருக்கும் நுண்குழல்கள் பின்னாலிருந்து நீண்டு வந்து பாதையை உறுதியாக்கும். நம் ஆட்டத்தில் கயிற்றை விடும் பெண் செய்வது அந்த வேலை. நுனி நகரும் வேகம் மிகக் குறைவு. என் கையில் பேனாப் புள்ளி நகர்ந்த வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

1890-ல் ஸ்பெயின் நாட்டு சாந்தியாகோ ரமோன் இ கஹால் கோழிக்கருவின் தண்டுவடத்தில் இந்த நுனியை முதலில் அடையாளம் கண்டார். அவர் பார்த்தது செத்த திசுவில், சாயம் ஏற்றி நிறுத்தப்பட்ட ஓர் உருவத்தை. அதிலிருந்தே அது முட்டி மோதி முன்னேறும் உயிருள்ள பொருள் என்று எழுதினார். இலக்கிலிருந்து ஏதோ ரசாயனம் கசிந்து வந்து இதை இழுக்கவேண்டும் என்றும் 1890-களிலேயே யூகித்தார். நுனி உயிரோடு நகர்வதை 1907-ல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிசன் கண்ணால் பார்த்தார். தவளைக் கருவின் நரம்புத் துண்டை நிணநீர்த் துளி ஒன்றில் தொங்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் மணிக்கணக்காகக் கவனித்தார். ஒரு துளி நீரை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய சந்தேகத்தைத் தீர்த்ததைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். நம் பள்ளி ஆய்வகத்தில் சாமான் இல்லை என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு அது நல்ல மருந்து.

மணலும் வைக்கோலும்

இரண்டடி அகலத்தில் மணல் ஒரு பட்டை, பக்கத்திலேயே வைக்கோல் ஒரு பட்டை, மறுபடி மணல், மறுபடி வைக்கோல். மொத்தம் ஆறு பட்டைகள், பத்து மீட்டர் நீளத்துக்கு. நுனிக் கூட்டத்தை இதன் மேல் விடுங்கள். முதல் இரண்டு நிமிஷம் ஒரே கூச்சலாக இருக்கும். பிறகு ஐந்து பேரும் அவர்களை அறியாமல் ஒரு மணல் பட்டைக்குள் அடங்கி நேராகப் போக ஆரம்பிப்பார்கள். ஓரத்தில் இருக்கும் பெண்ணின் கால் வைக்கோலைத் தொட்டதும் "ஸ்ஸ்" என்று இழுப்பாள், கூட்டம் உள்ளே திரும்பும். சுற்றி நிற்கும் வகுப்பு அதைப் பார்த்து அடங்கிப்போகும். யாரும் யாருக்கும் வழி சொல்லவில்லை, கயிறோ கோடு கிழித்தாற்போல் விழுந்திருக்கும்.

இது நானாக உண்டாக்கிய ஆட்டம் இல்லை. ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் போன்ஹோஃபர் குழு 1987-ல் செய்த சோதனையை அப்படியே மைதானத்துக்கு இறக்கியிருக்கிறேன். கோழிக்கரு மூளையில் பார்வை இழைகள் போய்ச் சேரும் பகுதியின் முன்புறச் செல் சவ்வை ஒரு பட்டையாகவும், பின்புறச் செல் சவ்வை அடுத்த பட்டையாகவும் மாற்றி மாற்றிப் பதித்தார்கள். விழித்திரையின் நெற்றிப்பொட்டுப் பக்கத்து இழைகள் முன்புறப் பட்டைகளில் மட்டுமே வளர்ந்தன. மூக்குப் பக்கத்து இழைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பின்புறத்தில் இருந்தது இழைகளைத் தள்ளிவிடும் பொருள். 'வா' என்று இழுப்பதைப் போலவே 'வராதே' என்று விலக்குவதும் வழிகாட்டுவதுதான் என்று தெளிவானது.

முதல் கூட்டம் போய் முடித்ததும் கயிற்றை எடுக்காதீர்கள். இரண்டாவது கூட்டத்தை அனுப்பி, கிடக்கும் கயிற்றைக் காலால் தடவியபடி போகச் சொல்லுங்கள். பாதி நேரத்தில் போய்விடுவார்கள். கருவில் உடம்பு சின்னதாக இருக்கும்போதே, தூரம் குறைவாக இருக்கும்போதே, முன்னோடி இழைகள் சில முதலில் போகின்றன. பின்னால் வருபவை அவற்றைப் பற்றிக்கொண்டு கற்றையாக வளர்கின்றன. வெட்டுக்கிளியின் காலில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் முதல் ஆள் நடந்த தடம் ஒற்றையடிப்பாதை ஆகிறதே, அதைச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

கைகாட்டி

இந்தப் பகுதி சின்னது, எனக்கு ரொம்பப் பிடித்தது. என் அப்பா காட்பாடி–விழுப்புரம் மீட்டர் கேஜ் லைனில் பாயின்ட்ஸ்மேன். வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். கைகாட்டி மரத்தின் கை நேராக நீட்டியிருந்தால் வண்டி நிற்கவேண்டும், இறங்கியிருந்தால் போகலாம் என்பது நான் எழுத்துப் படிக்கும் முன்னே படித்த பாடம். அந்தக் கைகாட்டிக்கு இங்கிலீஷில் செமஃபோர் என்று பெயர். 1993-ல் கோழி மூளையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது பட்டதும் சில வளர்முனைகள் விரல்களை எல்லாம் மடக்கிச் சுருண்டுபோயின. அதைப் போன்ற புரதங்கள் ஒரு பெரிய குடும்பமாக இருப்பது தெரிந்து, அந்தக் குடும்பத்துக்கு செமஃபோரின் என்று பெயர் வைத்தார்கள். இதைப் படித்த அன்று அப்பா இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஆட்டத்தில் இப்படிச் செய்யுங்கள். பாதையின் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் கையை நேராக நீட்டி அசையாமல் நிற்கட்டும். நுனிக் கூட்டத்தில் யார் மேல் அந்தக் கை பட்டாலும் ஐந்து பேரும் அப்படியே குந்திவிடவேண்டும். பத்து எண்ணிவிட்டு எழுந்து, வேறு பக்கம் தேடவேண்டும். இரண்டு கைகாட்டிக்கு நடுவில் இடுக்கு வழி கிடைக்கும். கூட்டம் அதில் புகுந்து போகும்.

நடுக்கோட்டைத் தாண்டுவது

நேரம் குறைவாக இருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பக்கத்தை ஆள்கிறது என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். அப்படி ஆவதற்கு லட்சக்கணக்கான இழைகள் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டவேண்டும், அதுவும் ஒரே ஒருமுறை. தாண்டியதும் திரும்பி வரக்கூடாது. நடுக்கோடு இழுத்தால்தான் இழை அங்கே வரும். அப்படி இழுக்கிற இடத்தை விட்டு அது எப்படிக் கிளம்பும்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடம் போட்டுவிட்டு ஒரு நாள் யோசிக்கவிடுங்கள். ஒரு வருஷம் ஒரு பெண் "அந்தாண்ட அதவிட ஜாஸ்தியா இழுக்குற எதுனா இருக்கும் டீச்சர்" என்றாள். நல்ல பதில். ஆனால் அந்தாண்ட இருக்கும் இழைகளும் இந்தாண்ட வரவேண்டுமே என்று இன்னொருத்தி மடக்கினாள். அந்த வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

மைதானத்தின் நடுவில் ஈரச் சாக்குகளை வரிசையாகப் போடுங்கள், அதுதான் நடுக்கோடு. அதன் ஒரு முனையில் தாம்பாளம் அடிப்பவளும் விசில் ஊதுபவளும் சேர்ந்து நிற்கவேண்டும். இருவரும் ஆரம்பத்திலிருந்தே விடாமல் சத்தம் கொடுப்பார்கள். நுனிக் கூட்டத்துக்கு நீங்கள் காதில் சொல்லவேண்டியது ஒரே விதி: "தாம்பாளச் சத்தம் எங்கே ஓங்கிக் கேட்கிறதோ அங்கே போங்கள். விசிலைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்." கயிறு விடும் பெண்ணிடம் மட்டும் ரகசியமாக இரண்டாவது விதியைச் சொல்லுங்கள். கூட்டத்தின் கால் ஈரச் சாக்கை மிதித்ததும் அவள் பின்னாலிருந்து கிசுகிசுக்கவேண்டும்: "இனிமே தாம்பாளம் நமக்கில்ல. விசில் சத்தம் கொறையற பக்கமா முன்னால போ."

கூட்டம் சாக்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். வெளியே எதுவும் மாறவில்லை. அதே தாம்பாளம், அதே விசில், இரண்டும் அதே இடம். மாறியது கேட்கிறவளின் காது. இதைப் பிள்ளைகள் தாங்களாகச் சொல்லும்வரை காத்திருங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

தாம்பாளத்தின் நிஜப் பெயர் நெட்ரின், இழைகளை இழுக்கும் ஒரு புரதம். மார்க் டெசியே-லவீன் குழு சுமார் 25,000 கோழிக்கரு மூளைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து 1994-ல் அறிவித்தது. வழிநடத்துபவர் என்று பொருள்படும் 'நேத்ரு' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். நாம் 'நேதாஜி' என்கிறோமே, அந்த வேர்தான். மொத்தமே 302 நரம்புச் செல்களும் 1 மில்லிமீட்டர் நீளமும் உள்ள மண்ணில் வாழும் உருளைப்புழு ஒன்றிலும் இதே குடும்பத்துப் புரதம் இதே வேலையைச் செய்கிறது. விசிலின் பெயர் ஸ்லிட், அது விலக்கும் புரதம். அதைக் கேட்கும் காது ரோபோ என்ற ஏற்பி, அதாவது இழையின் மேல் இருந்து அதை உணரும் புரதம். தாண்டும்வரை அந்தக் காது அடைத்தே இருக்கும், தாண்டியதும் திறந்துகொள்ளும். ரோபோ என்றதும் பிள்ளைகள் எந்திர மனிதனை நினைப்பார்கள். அது ரவுண்டபௌட் என்பதன் சுருக்கம். 1993-ல் பழ ஈக்களில் இந்த மரபணு கெட்டுப்போன வகையைக் கண்டுபிடித்தபோது, இழைகள் நடுக்கோட்டை விட்டுப் போகாமல் தாண்டித் தாண்டி வட்டமடித்துக்கொண்டிருந்தன. நம் கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவில் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும் லாரியைச் சொன்னால் வகுப்பு சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்ளும்.

அதையும் நடத்திக் காட்டலாம், காட்டவேண்டும். மூன்று தரம் மாற்றி ஆடுங்கள். ஒரு தரம் கயிறு விடுபவளை வாயைத் திறக்காமல் இருக்கச் சொல்லுங்கள்: கூட்டம் சாக்கைச் சுற்றியே மொய்க்கும். இன்னொரு தரம் ஆரம்பத்திலேயே "விசிலுக்கு விலகு" என்று சொல்லி அனுப்புங்கள்: ஒருத்தியும் தாண்டமாட்டாள். மூன்றாவது தரம் தாம்பாளத்தை நிறுத்திவிடுங்கள்: பாதி வழியில் கலைந்துபோவார்கள்.

மனிதர்களிலும் இது நடக்கிறது என்பதைக் கவனமாக, பரிவோடு சொல்லுங்கள். ரோபோ குடும்பத்தின் மூன்றாவது மரபணு இரண்டு பிரதியிலும் பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் தாண்டவேண்டிய முக்கியமான இழைகள் தாண்டுவதில்லை. அவர்களால் கண்ணை இடமும் வலமும் உருட்ட முடியாது, வளர வளர முதுகெலும்பு கோணும். காரணம் இந்த மரபணு என்று 2004-ல் தெரிந்தது. நெட்ரினைக் கேட்கும் ஏற்பியில் பழுது இருந்தால், வலது கையை அசைக்கும்போது இடது கையும் கண்ணாடிப் பிம்பம் போல் கூடவே அசையும். சில குடும்பங்களில் தலைமுறையாக இப்படி வருவதற்கு அதுதான் காரணம் என்று 2010-ல் கண்டார்கள். அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் உதாரணமாகக் காட்டாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு விளக்குங்கள். எழுதும்போது இன்னொரு கையும் ஆடுகிறதென்று அடி வாங்கிய பிள்ளைகள் உண்டு.

இன்னொரு திருத்தம். பல வருஷம் தாம்பாளத்தை நடுக்கோட்டில் மட்டுமே வைத்து ஆடினேன். 2017-ல் எலிக் கருவில் நடுக்கோட்டு நெட்ரினை மட்டும் நீக்கிப் பார்த்தபோது, பின்மூளையில் இழைகள் பெரும்பாலும் தாண்டிவிட்டன. வழிநெடுக உள்ள செல்களும் நெட்ரினைச் சுரந்து, பாதையிலேயே படியவைக்கின்றன என்று தெரிந்தது. அதனால்தான் மேலே எவர்சில்வர் தட்டு ஒன்று எழுதினேன். ஒரு பெண் அதை மெல்லத் தட்டிக்கொண்டே கூட்டத்துக்குப் பக்கவாட்டில் நடந்து வரட்டும். அதற்குப் பிறகு தாம்பாளத்தை நிறுத்திப் பாருங்கள், பெரும்பாலும் சாக்குவரை வந்துவிடுவார்கள். விஞ்ஞானத்தில் பதில் மாறும்போது ஆட்டத்தையும் மாற்றவேண்டும் என்பது பிள்ளைகள் முன்னிலையிலேயே நடக்கட்டும்.

வளையல்

இழை சரியான ஊருக்கு வந்துவிட்டது. தெருவும் வீடும் பாக்கி. கண்ணிலிருந்து ஒரு பக்கத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் இழைகள் போகின்றன. விழித்திரையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூளையிலும் பக்கத்தில்தான் குடியேறவேண்டும், அப்போதுதான் படம் படமாக இருக்கும். 1940-களில் ரோஜர் ஸ்பெர்ரி தவளையின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்தது. தவளைக்குப் பார்வை வந்தது. ஆனால் பூச்சி மேலே இருந்தால் அது கீழே நாக்கை நீட்டியது, எத்தனை நாளானாலும் திருந்தவில்லை. இழைகள் திருப்பப்பட்ட கண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் தத்தம் பழைய இடத்துக்கே போயிருந்தன. அப்படியானால் மூளையில் இடத்துக்கு இடம் ஒரு ரசாயன அடையாளம் இருக்கவேண்டும் என்றார். 1995-ல் அது கையில் கிடைத்தது, பெயர் எஃப்ரின். மணல், வைக்கோல் ஆட்டத்தில் சொன்ன தள்ளிவிடும் பொருள்தான் அது. மூளையின் அந்தப் பகுதியில் முன்னிருந்து பின்னாகப் போகப்போக அது கூடிக்கொண்டே போகிறது. அதை உணரும் ஏற்பி விழித்திரையின் மூக்குப் பக்கம் குறைவு, நெற்றிப்பொட்டுப் பக்கம் அதிகம்.

எட்டு வரிசை வைக்கோல் போடுங்கள். முதல் வரிசையில் ஒரு பிடி, எட்டாவதில் எட்டுப் பிடி. எட்டுப் பெண்களுக்கு ஒன்று முதல் எட்டு வரை வளையல் போட்டு, கண்ணைக் கட்டி, வரிசை கலைத்து அனுப்புங்கள். ஒரு வரிசையில் ஒருத்திதான் நிற்கலாம். இரண்டு பேர் மோதிக்கொண்டால் ஒருத்தி கையை ஒருத்தி தடவி வளையலை எண்ணவேண்டும். அதிகம் போட்டவளுக்கு வைக்கோல் அதிகம் உறுத்தும், அவள் முன்னாலேயே நின்றுகொள்வாள். குறைவாகப் போட்டவள் பின்னால் போகவேண்டும். ஐந்து நிமிஷத்தில் எட்டிலிருந்து ஒன்று வரை வரிசையாக நிற்பார்கள். யாருக்கும் 'உன் வீடு மூன்றாவது' என்று சொல்லவே இல்லை.

பிறகு இரட்டைப்படை வளையல் போட்ட நான்கு பேருக்கு மட்டும் மேலும் எட்டு வளையல் போட்டு மறுபடி ஆடுங்கள். அந்த நால்வரும் முன்பாதியில் தங்களுக்குள் வரிசையாக நிற்பார்கள், மற்ற நால்வரும் பின்பாதிக்குத் தள்ளப்பட்டு அங்கே தங்களுக்குள் வரிசையாக நிற்பார்கள். 2000-ல் எலியின் விழித்திரையில் பாதிச் செல்களுக்கு இந்த ஏற்பியைக் கூடுதலாகக் கொடுத்தபோது மூளையில் இப்படியே இரண்டு வரைபடம் உண்டாயிற்று. இழை பார்ப்பது பக்கத்தில் இருப்பவளைவிடத் தனக்கு எவ்வளவு என்பதைத்தான். இந்த ஆட்டத்தில் இதுதான் எனக்கு மிகவும் அழகாகப் படும் இடம்.

போய்ச் சேர்ந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. தேவைக்கு மேல் கிளைத்தவை கழிக்கப்படும், பயன்படும் இணைப்பு தங்கும். கண் திறக்கும் முன்பே விழித்திரை தானாக அலை அலையாகச் செய்தி அனுப்பி இதைத் தொடங்கிவைக்கிறது. பிறந்த பிறகு வெளிச்சம் அந்த வேலையை ஏற்கிறது. கண்புரையோடு பிறந்த குழந்தைக்குப் பெரியவளாகட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடாது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டுப் போய்த் தங்கைப் பாப்பாவை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போகவைத்த ஒரு மாணவி எனக்கு உண்டு.

கயிற்றை அறுப்பது

கடைசியாக, முதல் கூட்டம் போட்ட கயிற்றை வகுப்பின் கண் முன்னால் நடுவில் வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்கு அந்தப் பக்கம் மணலையும் வைக்கோலையும் விளக்குமாற்றால் கலந்துவிடுங்கள். தாம்பாளம், தட்டு, விசில் எதுவும் வேண்டாம், கைகாட்டிப் பெண்களும் போய் உட்காரட்டும். நாரில் பின்னிய பழைய மிதியடி நான்கைந்தை மட்டும் வரிசையாகப் போட்டு, வெட்டிய முனையிலிருந்து கூட்டத்தை மறுபடி புறப்படச் சொல்லுங்கள். மிதியடியைத் தடவித் தடவி ஏதோ ஒரு கோடிக்குப் போய்ச் சேருவார்கள். பல தரம் தவறான கோடியாக இருக்கும். கையில், காலில் நரம்பு அறுந்தால் பழைய உறை இப்படிக் கொஞ்சம் வழி வைத்திருக்கிறது. கருவில் இருந்த அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலும் இப்போது இல்லை. தண்டுவடத்தில் அறுந்தால் மிதியடியும் இல்லை, இழையைச் சுற்றியிருந்த மயலின் உறையே 'வளராதே' என்று தடுக்கிறது.

இந்த இடத்தில் என் வலது கையை நீட்டுவேன். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, என் கண்ணைக் கட்டச் சொல்லி, ஏதாவது ஒரு விரல் நுனியைப் பென்சிலால் தொடச் சொல்வேன். எந்த விரல் என்று நான் சொல்லவேண்டும். ஆள்காட்டி விரலைத் தொடும்போது இப்போதும் நடுவிரல் என்றே என் வாயில் வருகிறது. "இல்ல டீச்சர், பக்கத்து வெரலு" என்பார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

மணி பத்து ஆகும் முன்னே வைக்கோலை வாரிக் கட்டிவிடுங்கள், மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் எடுத்துப் போவார்கள். மணல் கலந்த வைக்கோலை மட்டும் மாட்டுக்குப் போகவிடாதீர்கள், உதறிக் குப்பைக்குழிக்கு அனுப்புங்கள். வளையல்களை எண்ணி வாங்கி வையுங்கள், அடுத்த வருஷத்துக்கு ஆகும்.